குளோக்

இரண்டாம் உலகப் போரின் பர்மாக் களத்தில், 1945 தொடக்கத்தில் ஜப்பானியரை ஏமாற்ற பிரிட்டனின் 14-ஆம் படை நடத்திய நடவடிக்கையின் குறிப்பெயர். 'கேப்பிட்டல்', 'எக்ஸ்டெண்டட் கேப்பிட்டல்' என்பவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள எளிதான பெயர். ஆனால் மூன்றும் வேறு. கேப்பிட்டல், வடபர்மாவை மீட்பதற்கான தாக்குதல் திட்டம். ஜப்பானியர் ஐராவதி ஆற்றுக்கு அப்பால் பின்வாங்குவதை உணர்ந்த அப்படையின் தளபதி வில்லியம் ஸ்லிம், 1944 டிசம்பரில் அதைத் திருத்தி மத்திய பர்மாவிலுள்ள மெய்க்திலாவைக் குறிவைத்தார். அத்திருத்தமே எக்ஸ்டெண்டட் கேப்பிட்டல். அதை மறைத்த திரைதான் குளோக்.

14-ஆம் படையின் 4-ஆம் கோர் வானொலி மௌனத்தோடு தெற்கே நகர, அதன் போலித் தலைமையகம் இந்திய எல்லையருகே தாமுவில் இயங்கியது. எதிரியின் கவனம் மாண்டலே பக்கம் நிற்க, பிப்ரவரியில் 7-ஆம் இந்திய டிவிஷன் நியாங்குவில் ஆற்றைக் கடந்தது. மார்ச் தொடக்கத்தில் 17-ஆம் இந்திய டிவிஷன் மெய்க்திலாவைப் பிடித்தது. இந்த வெற்றியில் பெரும்பங்கு வஞ்சகத் திட்டத்துக்கு உண்டு.

ஐரோப்பியப் பெயர்களிலும் இதே சிக்கல்: 1944-இன் ஒட்டுமொத்த ஏமாற்றுத் திட்டம் பாடிகார்ட், ஃபோர்டிட்யூட் அதன் ஒரு பகுதி, குவிக்சில்வர் அதற்கும் உட்பிரிவு. குளோக்கைத் தாக்குதல் திட்டம் என்று குறிப்பது பிழை.