ஜண்டாபூருக்குத் திரும்பிச் செல்லும் நாடகம்

கலையும் கருத்தும் கூடும் ஆண்டு விழா எதுவானாலும், அதைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இதனால் சமூகத்தில் என்ன மாறிவிட்டது? கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்கும் விதத்தில் ஒரு பிசகு இருக்கிறது. நாடகமும் பாட்டும் ஓவியமும் பார்ப்பவர் மனத்தை மாற்றும், மனம் மாறியவர் சமூகத்தை மாற்றுவார் என்று முதலில் ஒரு நேர்கோட்டை நாமே வரைந்துகொள்கிறோம். பிறகு அந்தக் கோட்டின் மறுமுனையில் ஒன்றையும் காணோமே என்று கைவிரிக்கிறோம். ஆண்டுதோறும் கூடும் ஒரு கலைமேடை முதலில் செய்யும் காரியம், இடத்தைப் பொதுவாக வைத்திருப்பது என்பது என் துணிபு. இந்தத் திடலில் யார் கூடலாம், இந்தத் தெருவில் யார் உரக்கப் பேசலாம் என்ற வழக்கு எந்த ஊரிலும் தீர்ந்துபோவதில்லை. விட்டால் வலியவன் பக்கம் சாய்ந்துவிடும் அந்த வழக்கை, ஆண்டு தவறாமல் மறுபடி எடுத்து உயிரோடு வைப்பதுதான் இத்தகைய கூடல்களின் தலையாய பணி. இதற்கு நான் காட்டும் சான்று, டெல்லி எல்லையை ஒட்டி, உத்தரப் பிரதேசத்தின் சாகிபாபாத் தொழிற்பகுதியில் இருக்கும் ஜண்டாபூர். அங்கே ஜனவரி முதல் நாளன்று தொழிலாளர்களும் கலைஞர்களும் கூடி வருவது மூன்று பத்தாண்டுகளைத் தாண்டிய வழக்கம்.

அந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ள, அதைத் தொடங்கிவைத்த நாடகக் குழுவின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஜன நாட்டிய மஞ்ச், சுருக்கமாக ஜனம், 1973-இல் டெல்லியில் உருவானது. தொடக்கத்தில் அது தெருநாடகக் குழுவாக இல்லை. மேடை போட்டு, விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்துப் பெரிய நாடகங்களைத் தொழிலாளர், விவசாயிகள் முன் நடத்திக்கொண்டிருந்தது. 1975-77 நெருக்கடி நிலைக்குப் பின் தொழிற்சங்கங்கள் கையில் பணமில்லாமல் நின்றன; பெரிய நாடகத்துக்கு ஆகும் செலவை அவற்றால் தாங்க முடியவில்லை. செலவில்லாத, சுமந்து செல்லக்கூடிய சிறு நாடகம் வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்துதான் 1978-இல் ‘மெஷீன்’ பிறந்தது. சஃப்தர் ஹாஷ்மியும் ராகேஷ் சக்சேனாவும் சேர்ந்து எழுதியது. கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். காசியாபாத் பகுதியில் ஒரு தொழிற்சாலை. சைக்கிள் நிறுத்த ஓர் இடமும், தேநீர் குடிக்க ஒரு கேண்டீனும் கேட்ட தொழிலாளர்கள் மீது காவலாளிகள் சுட்டதில் உயிர்கள் போயின. நாடகத்துக்கு வித்து அதுதான். நடிகர்கள் நெருங்கி நின்று, கைகளை மேலும் கீழுமாக அசைத்து, வாயாலேயே இரைச்சல் எழுப்பித் தங்கள் உடல்களால் ஓர் இயந்திரமாவார்கள். அது ஓடும், திடீரென்று நின்றுவிடும். ஏன் நின்றது என்ற கேள்வியிலிருந்து கதை கிளம்பும். முதலாளியும் காவலாளியும் தொழிலாளியும் அந்த இயந்திரத்துக்குள்ளிருந்தே ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். திரையோ அரங்கப் பொருள்களோ கிடையாது. வறுமையால் வந்த வடிவம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இயந்திரத்தை ஓட்டுவது மனித உடல்தான் என்ற கருத்து, வசனம் எதுவும் பேசப்படுவதற்கு முன்பே கண்ணெதிரில் நின்றுவிடுகிறது. தெருநாடகத்தில் வடிவமே வாதமாக அமைவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அடுத்த பத்தாண்டுகளில் அக்குழு பேருந்துக் கட்டணம், பெண்ணடிமை, வகுப்புவாதம், வேலையின்மை என்று எடுத்துக்கொள்ளாத பொருள் அபூர்வம். சஃப்தர் ஆங்கில இலக்கியம் படித்தவர். கார்வாலிலும் காஷ்மீரிலும் டெல்லியிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். பிறகு மேற்கு வங்க அரசின் தகவல் அதிகாரியாக டெல்லியில் வேலை பார்த்தவர். 1984-இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் நாடகத்துக்கே வந்தார். 1988 நவம்பரில் டெல்லியிலும் சுற்றுப்புறத் தொழிற்பகுதிகளிலும் சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்தின் தலைமையில் ஏழு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,050 ரூபாய் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அதற்கான பரப்புரைக்கு ஜனம் ‘சக்கா ஜாம்’ என்ற நாடகத்தை உருவாக்கியது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு, அந்த அனுபவத்தை வைத்து அதையே திருத்தியமைத்து ‘ஹல்லா போல்’ ஆக்கியது. 1989 ஜனவரி 1 அன்று முற்பகலில் ஜண்டாபூரில் இந்த நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, நகராட்சித் தேர்தலில் நின்ற வேட்பாளர் ஒருவர் தம் ஆட்களோடு அந்த வழியே வந்தார். நாடகம் முடியும்வரை பொறுங்கள், அல்லது வேறு வழியாகச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதுதான் குற்றம். இரும்புக் கம்பிகளும் துப்பாக்கியும் வந்தன. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் அடிபட்ட சஃப்தர் மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 34. மூன்றாம் தேதி இறுதி ஊர்வலத்தில் டெல்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். நான்காம் தேதி, ஜனம் குழுவினர் அதே ஜண்டாபூருக்குத் திரும்பிப் போய், பாதியில் அறுபட்ட அதே நாடகத்தை முழுவதுமாக நடித்துமுடித்தார்கள். நடித்தவர்களில் ஒருவர் சஃப்தரின் மனைவி மலயஸ்ரீ ஹாஷ்மி.

இந்த ஜனவரி 4-ஐத் துணிச்சலின் கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். துணிச்சல்தான், ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு கூர்மையான கணிப்பும் இருந்தது. தாக்கியவர்களின் சினம் நாடகத்தின் வசனத்தின் மேல் எழவில்லை. வழியை விடு என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்த வழி யாருடையது என்பதே சண்டை. டெல்லியில் ஒரு பெரிய அரங்கில் கண்டனக் கூட்டம் போட்டு அந்த நாடகத்தை நடத்தியிருந்தால் கூட்டம் இன்னும் அதிகமாகவே சேர்ந்திருக்கும், பத்திரிகைகளும் வந்திருக்கும். ஆனால் ஜண்டாபூர்த் தொழிலாளிக்குக் கிடைத்திருக்கும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: அடித்தார்கள், ஓடிவிட்டார்கள். திரும்பி வந்ததால் அந்தச் செய்தி பொய்யானது. அதுவும் ஒருமுறை வந்தால் போதாது. அச்சம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சரக்கு. அதற்கான மறுப்பையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தான் வேண்டும். ஜனவரி 1 என்ற நாளை ஜனமும் அப்பகுதித் தொழிற்சங்கமும் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவே அடிப்படை.

ஆண்டுக்காண்டு நடந்தால் சடங்காகிவிடாதா என்பது முதல் மறுப்பு. ஆகிவிடும். சடங்காவது குறை என்று ஏன் நினைக்க வேண்டும்? சடங்கு என்றாலே உயிரற்றது என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்ற வழியில்லை. சாமி எந்தத் தெருவழியாக வருகிறது, எந்தத் தெருவை ஒதுக்கிவிட்டுப் போகிறது, தேர்வடத்தைத் தொட யாருக்கு உரிமை என்பதெல்லாம் ஆண்டுக்கொரு முறை ஊரின் அதிகாரக் கணக்கை அரங்கேற்றும் செயல்கள். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவித் தேர்வடத்தைத் தலித்துகளும் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1990-களின் இறுதியிலிருந்து உயர் நீதிமன்றம்வரை போய் இழுபட்டது எதனால்? கயிற்றைப் பிடித்து இழுப்பது சில மணி நேர வேலை. அதற்கு இத்தனை எதிர்ப்பும் இத்தனை போராட்டமும் இருந்ததென்றால், ஆண்டுச் சடங்குதான் இடத்தின் மேலான உரிமையைப் பதிவு செய்யும் பத்திரம் என்பதை இரு தரப்பும் நன்றாக அறிந்திருந்தன என்றே பொருள். ஆதிக்கம் செய்பவர்கள் தங்கள் சடங்குகளை ஒரு நாளும் விட்டுக்கொடுப்பதில்லை. மாற்றத்தை வேண்டுபவர்கள் மட்டும் ஒவ்வோராண்டும் புதுமை காட்டியே ஆக வேண்டும் என்று கேட்பது முறையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒரு தொழிற்சங்கத்தோடும் ஒரு கட்சியோடும் ஒட்டியிருக்கும் கலை, கலையாக எப்படி இருக்க முடியும், அது பரப்புரைதானே என்கிறார்கள். தெருநாடகங்களில் பல தட்டையானவை, முதலாளி என்றால் தொந்தி, காவலர் என்றால் மீசை என்ற அளவில் நின்றுவிடுபவை. இதை மறைக்க வேண்டியதில்லை. சஃப்தரே இந்த ஆபத்தை உணர்ந்தவர். மேடை நாடகமும் தெருநாடகமும் பகையாளிகள் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. 1988-இல் பிரேம்சந்தின் கதையை வைத்து ‘மோட்டேராம் கா சத்தியாகிரக’ நாடகத்தை இயக்குநர் ஹபீப் தன்வீரோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சீட்டு வாங்கி அரங்கத்துக்குள் உட்கார்ந்தவர், நாடகம் சலித்தாலும் எழுந்து போகத் தயங்குவார். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு நடக்கும் தொழிலாளிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி ஓரமாக நிற்பார். பிடிக்கவில்லையென்றால் மிதித்துக்கொண்டு போய்விடுவார். இந்தப் பார்வையாளரை அரை மணி நேரம் நிறுத்திவைக்கக் கொள்கை மட்டும் உதவாது. தாளம் வேண்டும், சிரிப்பு வேண்டும், பயின்ற உடல் வேண்டும். கட்சிச் சார்பு கலையைக் கெடுத்த இடங்கள் உண்டு. ஆனால் இந்தத் தெருவோரத் தேர்வைப் போலக் கடுமையான தேர்வு நம் சபாக்களிலும் அகாதமிகளிலும் கிடையாது. அதில் பத்தாண்டு தேறிவந்த குழுவை வெறும் பரப்புரை என்று ஒதுக்குவது, நாடகத்தைப் பார்க்காமலே தீர்ப்பெழுதுவது.

மூன்றாவதாக, தொழிலாளியின் வாழ்வு மேம்பட்டதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நேர்மையான பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1990-களுக்குப் பிறகு நாடெங்கும் நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகியது. சங்கம் வைப்பதே கடினமாகிப் போனது. டெல்லியைச் சுற்றிய தொழிற்பகுதிகள் அதற்கு விலக்கல்ல. ஒரு நாடகமோ ஓர் ஆண்டுவிழாவோ இந்தப் போக்கைத் தடுத்திருக்க முடியாது. தடுத்ததாக யாரும் உரிமை கொண்டாடவும் வேண்டாம். ஆனால் அந்தக் கூடல் செய்த ஒரு காரியத்தை வேறெந்த அமைப்பும் செய்யவில்லை. சஃப்தர் படித்தவர், எழுதியவர், பெயர் தெரிந்தவர். அவருடைய கொலைக்கு எதிராக அதே மாதம் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவின் மேடையிலேயே நடிகை ஷபனா ஆஸ்மி கண்டனம் வாசித்தார். ராம் பகதூருக்கு அப்படிப்பட்ட நண்பர்கள் இல்லை. பிழைப்புக்காக வந்த ஒரு தொழிலாளி அவர். அவருக்கு முன்னும் பின்னும் ஆலைவாசல்களில் செத்த எத்தனையோ பேரின் பெயர் செய்தித்தாளின் ஒரு பத்தியோடு முடிந்துபோயிற்று. ஜண்டாபூரில் மட்டும் இரண்டு பெயர்களும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. கலைஞனின் சாவும் தொழிலாளியின் சாவும் ஒரே நாளில், ஒரே நிறையில் நினைக்கப்படும் இடம் இந்தியக் கலையுலகில் எத்தனை இருக்கிறது? இந்தக் கொலை வழக்கில் காசியாபாத் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை வழங்கியது 2003-இல். அதற்குள் பதினான்கு ஜனவரி முதல் நாள்கள் கடந்திருந்தன. வழக்கு மறக்கப்படாமல் இருந்ததற்கு அந்தப் பதினான்கு நாள்களுக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

டெல்லி நகருக்குள் இன்னொரு கூடலும் இதே சாவிலிருந்து கிளைத்தது. 1989-இலேயே எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசைவாணர்களும் சேர்ந்து சஃப்தர் ஹாஷ்மி நினைவு அறக்கட்டளையை, அதாவது சஹமத்தை நிறுவினார்கள். பாபர் மசூதி இடிப்புக்கு மறு ஆண்டில், 1993-இல், சஹமத் நடத்திய ‘ஹம் சப் அயோத்யா’ கண்காட்சி குறிப்பிடத்தக்கது. அயோத்தியின் பல சமய வரலாற்றைச் சொன்ன அந்தக் கண்காட்சியில், பௌத்த மரபின் தசரத ஜாதகக் கதையைக் குறிப்பிட்ட பலகை ஒன்று பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது; நாடாளுமன்றம்வரை அந்தச் சர்ச்சை போயிற்று. கருத்துலகில் இதன் வீச்சு ஜண்டாபூரைவிடப் பெரிது. ஆனால் ஓர் ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. அதே கண்காட்சியை டெல்லியோடு நிறுத்திக்கொள்ளாமல் அயோத்தியை அடுத்த ஃபைசாபாத்திலும் வைத்தார்களே, அங்கேதான் அது உண்மையான சோதனைக்கு ஆளாயிற்று. கருத்து எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் எடை அமைகிறது. ஒத்த மனம் கொண்டவர்கள் தங்களுக்கு வசதியான அரங்கில் ஆண்டுதோறும் கூடிக் கலைவது நல்ல நட்பை வளர்க்கும். வழக்குள்ள இடத்துக்கு அது போகாதவரை, நான் மேலே சொன்ன பணியை அதனால் செய்ய முடியாது.

தமிழகத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. 1980-இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் பிறகுதான் நவீனத் தமிழ்த் தெருநாடகம் வேகம் பிடித்தது. 1984-இல் உருவான பிரளயனின் சென்னைக் கலைக்குழு அந்த மரபைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கொண்டுசென்றது. சஃப்தரின் பிறந்த நாளான ஏப்ரல் 12 தேசியத் தெருநாடக நாளாக ஆனபோது, அதை இங்கும் பலர் தங்கள் நாளாகவே ஏற்றார்கள்.

நகரத்திலிருந்து வண்டி பிடித்து ஜண்டாபூருக்கு வந்து, ஒரு நாள் தொழிலாளர்களோடு நின்றுவிட்டு மாலையில் திரும்பிப் போவதா என்ற உறுத்தல் மிஞ்சுகிறது. இதை வெளியார் மட்டும் சொல்லவில்லை, இப்பணியில் இருப்பவர்களுக்கே இது தெரியும். ஒரு நாள் கூடல் மீதி நாள்களுக்கு ஈடாகாது. 2012 ஏப்ரல் 12 அன்று ஜனம் குழு டெல்லியின் ஷாதி காம்பூர்ப் பகுதியில் ‘ஸ்டுடியோ சஃப்தர்’ என்ற சிறு நாடக இடத்தைத் திறந்தது. அரசு நிதியோ பெருநிறுவனக் கொடையோ நாடாமல், பலர் கொடுத்த சிறு சிறு தொகைகளால் எழுந்தது அது. பக்கத்திலேயே மே தினப் புத்தகக் கடையும் வந்தது. நடுத்தர, உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் அந்தச் சந்துகளில் ஒத்திகையும் நாடகமும் வாசிப்பும் நடக்கின்றன. ஆண்டில் ஒரு நாள் என்ற குறைக்கு அவர்கள் தேடிக்கொண்ட விடையும், ஜனவரி முதல் நாளைப் போலவே, ஓர் இடம்தான்.