வெண்ணெய்க்கு மஞ்சள் பூசிய சிவப்பு விதை

கடையில் வாங்கும் உப்பு வெண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் பொடி எழுத்தில் 'அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறம் 160பி' என்று போட்டிருக்கும். அந்த 160பி வேறொன்றுமில்லை, அன்னாட்டோ என்ற செடியின் விதைச் சாயம். இந்தச் சாயத்தை முன்வைத்து ஒரு வல்லரசு நாட்டில் அறுபது வருஷத்துக்கு மேல் வரிச்சண்டையே நடந்திருக்கிறது!

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். தாயகம் தென் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதி. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் புதர். ஆமணக்குக் காய் மாதிரி மேலெல்லாம் முள்முள்ளாக இருக்கும் காய்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காய் வெடித்தால் உள்ளே சின்னச் சின்ன சிவப்பு விதைகள். நிறம் விதைக்குள் இல்லை, அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது. தொட்டாலே கை சிவந்துவிடும். பிக்சின் என்பது அந்த நிறமியின் பெயர். கெட்டியாக இருந்தால் செக்கச் செவேல், எண்ணெயில் கரைத்து நீர்த்துப்போகச் செய்தால் அழகான மஞ்சள். இந்த ஒரு குணம்தான் பின்னால் வரும் கதைக்கெல்லாம் மூலம்.

1500ல் போர்ச்சுகீசியர்கள் பிரேசில் கரையில் இறங்கியபோது உடன் வந்த பேரோ வாஸ் தே கமீன்யா என்பவர் மன்னருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். முள்காய்க்குள் இருந்த விதைகளை நசுக்கி அங்குள்ள மக்கள் உடம்பில் சிவப்பு பூசிக்கொண்டதை அதில் குறித்திருக்கிறார். மெக்சிகோ பக்கம் அதே விதை 'அச்சியோட்டே' என்ற பெயரில் சமையலுக்கும் கொக்கோ பானத்துக்கும் போனது. ஈக்வடாரில் ட்சாச்சிலா இன ஆண்கள் தலைமுடியையே இதில் குழைத்துச் சிவப்புத் தொப்பி போல ஆக்கிக்கொள்வார்கள். இத்தனை பேர் காலங்காலமாகப் பயன்படுத்திய செடிக்கு 1753ல் லின்னேயஸ் வைத்த பெயர் பிக்சா ஒரெல்லானா. 1541-42ல் அமேசான் ஆற்றில் போன ஸ்பானிய படைத்தலைவன் ஒரெல்லானாவின் நினைவாகவாம். செடியை வளர்த்தது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு!

சரி, ஐரோப்பாவுக்கு வருவோம். பசும்புல் மேயும் மாட்டின் பாலில் புல்லிலிருந்து வரும் கரோட்டின் இருக்கும், அதனால் வெண்ணெய் மஞ்சளாக வரும். (எருமைக்கு இந்தக் கதை இல்லை, எருமை வெண்ணெய் வெள்ளைதான். நம் வீட்டில் உறி வெண்ணெய் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) ஆக மஞ்சள் என்றால் நல்ல பால், கொழுப்பு குறையாத பால் என்று வாங்குகிறவர் மனதில் பதிந்துவிட்டது. 17ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில பாலாடைக்கட்டிக்காரர்கள் பாலேட்டை எடுத்துத் தனியாக வெண்ணெய் ஆக்கி விற்றுவிட்டு, மிச்சப் பாலில் கட்டி செய்தார்கள். ஏட்டோடு நிறமும் போய்விட்டது. வெளுத்த கட்டியை யார் வாங்குவார்? கேரட் சாறு, சாமந்தி, குங்குமப்பூ என்று பலதும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நின்றது அன்னாட்டோ. இன்றைக்கு ரெட் லெஸ்டர் சீஸின் செவ்வாரஞ்சு நிறம் அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆரம்பம் என்னவோ ஏமாற்றுதான்.

பெரிய கூத்து அமெரிக்காவில் நடந்தது. 1869ல் பிரான்சில் மெஜ்-மூரியே என்பவர் மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்ஜரின் கண்டுபிடித்தார். விலை குறைவு, ஆனால் நிறம் வெளுப்பு. அதற்கும் மஞ்சள் சாயம் போட்டு விற்றார்கள். பொருளியல் புத்தகத்தில் பதிலீட்டுப் பண்டங்கள் என்று வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பால் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 1886ல் மார்ஜரினுக்கு பவுண்டுக்கு 2 சென்ட் வரி. தயாரிப்பாளருக்கு வருடம் 600 டாலர், சில்லறை வியாபாரிக்கு 48 டாலர் தனி வரி. சில மாநிலங்கள் ஒருபடி மேலே போய், மார்ஜரினுக்கு இளஞ்சிவப்பு பூசித்தான் விற்க வேண்டும் என்றன. ரோஸ் நிற வெண்ணெயை ரொட்டியில் தடவ யாருக்கு மனசு வரும்? 1898ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடனே 1902ல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சாயம் போடாத மார்ஜரினுக்கு கால் சென்ட், மஞ்சள் சாயம் போட்டதற்கு 10 சென்ட். நாற்பது மடங்கு!

இதில் வேடிக்கை என்னவென்றால், குளிர்காலத்தில் மாடு காய்ந்த வைக்கோல் தின்று வெண்ணெய் வெளுக்கும்போது பண்ணைக்காரர்களும் அன்னாட்டோ சாயம்தான் கலந்தார்கள். 1886 சட்டமே வெண்ணெய் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது 'சாயம் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும்' அது வெண்ணெய்தான் என்று ஒப்புக்கொள்கிறது. ஒருவர் போட்டால் மரபு, மற்றவர் போட்டால் மோசடி. தரத்தைக் காப்பாற்றப் போட்ட வரி என்று இதை நம்ப முடியவில்லை, சந்தையைக் காப்பாற்றப் போட்ட வரிதான். வரியிலிருந்து தப்பிக்க கம்பெனிகள் வெள்ளை மார்ஜரினோடு தனியாகச் சாயம் கொடுத்தன. வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பிசைந்து மஞ்சளாக்கினார்கள். மத்திய அரசின் வரி 1950ல்தான் போனது, பால் மாநிலமான விஸ்கான்சினில் தடை நீங்கியது 1967ல்.

நடுவில் செயற்கைச் சாயங்கள் வந்து அன்னாட்டோவை ஓரங்கட்டப் பார்த்தன. துணியில் அது வெயிலுக்கு நிற்காது, அதனால் அங்கே தோற்றுவிட்டது. உணவில் கதை மாறியது. 'வெண்ணெய் மஞ்சள்' என்றே பெயர் வாங்கிய செயற்கைச் சாயம் எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் தருவதை 1930களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பழைய விதைக்கு மறுபடி மவுசு வந்தது.

இப்போது பிரேசில், பெரு, கென்யாவில் அதிகம் விளைகிறது. விதையில் பிக்சின் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். சீஸ் செய்த பிறகு மிஞ்சும் மோர்நீரிலிருந்து புரதப் பவுடர் தயாரிக்கிறார்களே, அதை வாங்குகிறவர்களுக்கு வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டுமாம். அதனால் சீஸுக்காகப் பாலில் காசு கொடுத்துக் கலந்த அன்னாட்டோவை, மோர்நீரிலிருந்து வெளுக்க இன்னொரு தடவை காசு கொடுத்து பெராக்சைடு ஊற்றுகிறார்கள்.