அரபு வாளும் ஆவாரம் கட்டையும்



போன வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. "அரபு நாட்டு வாள் எல்லாமே தமிழன் செஞ்சதுதான்டா" என்று ஒருவன் செய்தி போட்டான். "சும்மா கதை விடாதீங்கடா" என்று இன்னொருவன் பதில் போட்டான். மறுநாள் கல்லூரி விட்டு தாம்பரம் வரும் மின்சார ரயில் வரைக்கும் அந்தச் சண்டை தொடர்ந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். என் தாத்தா சேலம் பக்கத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். "நீ சொல்லுடா, இரும்புக் கடைக்காரா" என்றார்கள். தெரியாமல் பேசக்கூடாது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பி.காம் மாணவன் எழுதும் வரலாறு, அதனால் கொஞ்சம் கணக்கு வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரபு வாள் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அலிபாபா, பாக்தாத், பிறை நிலா போல வளைந்த கத்தி. ஆனால் ஆரம்ப கால அரபு வாள் வளைந்ததே இல்லை! நேராக, இரண்டு பக்கமும் கூராக இருந்தது. இடுப்பில் அல்ல, தோளில் குறுக்கே போட்ட வாரில் தொங்கவிடுவார்கள். நபிகள் நாயகம் காலத்தவை என்று போற்றப்பட்டு இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் வாள்களில் பெரும்பாலானவை நேர் வாள்கள்தான்.

வளைவு பிறகு வந்தது. மத்திய ஆசியாவின் துருக்கியக் குதிரை வீரர்கள் கொண்டுவந்தது அது. குதிரையில் வேகமாகப் போகும்போது குத்துவதை விட வெட்டி இழுப்பது சுலபம், அதற்கு வளைந்த அலகுதான் தோது. 1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் காலத்தில் இரண்டு வகையும் புழக்கத்தில் இருந்தன. போருக்கு வளைந்தது மெல்ல மெல்லப் பரவ, சடங்குகளில் பழைய நேர் வாளுக்கு மரியாதை நீடித்தது. பாரசீகத்தின் ஷம்ஷீரும் துருக்கியரின் கிலிஜும் இந்த வளைந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் சினிமாவில் பார்த்தது இந்தப் பிற்கால வாளைத்தான்.

சரி, இதில் நாம் எங்கே வருகிறோம்? பெயரில் வருகிறோம்! பழைய அரபு மொழியில் உயர்ந்த வாளுக்கு ஒரு பெயர் 'முஹன்னத்'. ஹிந்த், அதாவது இந்திய இரும்பால் செய்தது என்று பொருள். 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கஅப் இப்னு ஸுஹைர் நபிகளைப் புகழ்ந்து பாடும்போது உருவிய முஹன்னத் வாளுக்கு ஒப்பிடுகிறார். இன்றும் அரபு நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கு முஹன்னத் என்று பெயர் வைக்கிறார்கள். நம் பொருள் மேல் எவ்வளவு மதிப்பு இருந்தால் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் கவிதைப் பேச்சும் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் தத்துவஞானி அல்-கிந்தி, கலீஃபா அல்-முஅதஸிமுக்காக வாள்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எந்த இரும்பு, எங்கே அடித்தது என்று வகை பிரிக்கிறார். அதில் 'சரந்தீப்' வாள்களும் உண்டு. சரந்தீப் என்றால் நம் பக்கத்து இலங்கை. அந்த இலங்கையின் சமனலவெவ பகுதியில், மலைச்சரிவில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த இரும்பு உலைகளை கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவை 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அல்-கிந்தி வாழ்ந்த காலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது!

தமிழ்நாட்டிலும் சான்றுகள் உண்டு. நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகள் கிடைத்தன. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் உருக்கு காய்ச்சிய மூசைகளின் துண்டுகளை சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் கண்டறிந்தார்.

எப்படிக் காய்ச்சினார்கள்? 19ஆம் நூற்றாண்டில் சேலம் பக்கத்து முறையை ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரம் கட்டையைப் பொடியாக நறுக்கி ஒரு களிமண் மூசையில் போடுவார்கள். மேலே எருக்கிலை போட்டு வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இப்படி 20, 24 மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாக, அந்தக் கரி இரும்புக்குள் ஏறி இரும்பு உருகும். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் ஒரு சின்ன உருக்குக் கட்டி. ஐரோப்பியர்கள் இதை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னடத்து 'உக்கு', நம் 'உருக்கு' போன்ற சொற்களிலிருந்து வந்த பெயராக இருக்கலாம் என்கிறார்கள். இதில் கரிமம் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை இருக்கும்.

கட்டி வந்தால் போதுமா? அதை வாளாக்குவது தனி வித்தை. ரொம்பக் காய்ச்சி அடித்தால் நொறுங்கிப் போகும். இளஞ்சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் அலகில் தண்ணீர் அலை போலக் கோடுகள் தெரியும். பாரசீக, அரபுக் கொல்லர்கள் இதில் மன்னர்கள். அந்தக் கோட்டுக்கு அரபியில் 'ஃபிரிந்த்' என்று பெயரே வைத்திருந்தார்கள். ஐரோப்பியர்களோ இந்த வாளை 'டமாஸ்கஸ் வாள்' என்றார்கள். அந்தப் பெயர் வந்த காரணம் பற்றி ஆய்வாளர்களிடம் ஒரே கருத்து இல்லை. எப்படியோ, அதில் உருக்கு வந்த ஊர் மறைந்துவிட்டது.

எங்கள் பாஷையில் சொன்னால் இது இரட்டைப் பதிவுக் கணக்கு. ஒரு பக்கம் நம் மூசை, இன்னொரு பக்கம் அவர்கள் சம்மட்டி. ஒன்றை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. நம் பக்கத்திலேயே தமிழகம் மட்டும் அல்ல. தெலங்கானா, கர்நாடகம், இலங்கை எல்லாம் உண்டு. மத்திய ஆசியாவின் மெர்வ் நகரிலும் மூசை உருக்கு காய்ச்சியிருக்கிறார்கள். ஆக, "எல்லாமே தமிழன்" என்ற நண்பனும் தப்பு, "எல்லாமே கதை" என்ற நண்பனும் தப்பு.

கடைசியில் என்ன ஆயிற்று? 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் வூட்ஸ் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அதன் ரகசியம் தேடிப் பல உருக்குக் கலவைகளைச் செய்து பார்த்தார். மேலே சொன்ன ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் இரும்பாலை தொடங்கி நஷ்டப்பட்டார். இங்கிலாந்து ஆலைகளின் மலிவான இரும்பு வந்து குவிந்தது. காட்டில் விறகு வெட்டக் கட்டுப்பாடும் வந்தது. மூசை உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2006இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு பழைய டமாஸ்கஸ் வாளில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அலைக்கோட்டுக்குக் காரணம் தாதுவில் இருந்த வனேடியம் போன்ற மிகச் சிறிய கலப்புகள் என்று அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் விளக்கியிருக்கிறார். ஒரு கொல்லருக்குக் கைப்பழக்கமாக இருந்தது, இன்று நுண்ணோக்கி வைத்துத் தேடும் விஷயமாகிவிட்டது.

இதை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க தாத்தா அருவாளைத் தண்ணில தோய்க்கும்போது நிறத்தைப் பாத்தே சூடு சொல்லுவாருடா. நான் அதைக் கத்துக்கல, வேலைன்னு இங்க வந்துட்டேன்" என்றார். தாத்தா இப்போது இல்லை. அவர் பட்டறை இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. எந்த நிறத்தில் எடுப்பார் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் நடக்கிறதா? நடந்தால் ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள் நண்பர்களே. அல்-கிந்தி செய்ததும் அதுதானே!