சரிபாதி வாரம்: டஸ்கனி ஒயினுக்குப் பின்னால் இருந்தவர்கள்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக்குக் கோடையில் போகிறவர்கள் திராட்சைக் கொடியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஜனவரியில் போனால் வீடுகளைப் பார்க்கலாம். இலையெல்லாம் உதிர்ந்து கொடிகள் வெறும் கறுத்த குச்சிகளாக நிற்கும்போதுதான், ஒவ்வொரு குன்றின் மேலும் தன்னந்தனியாக ஒரு கல்வீடு இருப்பது கண்ணில் படுகிறது. ஓட்டுக்கூரை, சுவருக்கு வெளியே ஏறும் கல்படிக்கட்டு, கீழ்த்தளத்தில் அகலமான வளைவு வாசல். அடுத்த வீடு அடுத்த மேட்டில். ஊர் என்று ஒன்று இருந்தால் அது தூரத்தில் மலை உச்சியில் மதிலுக்குள் இருக்கும்.

2024 ஜனவரியில் 22 பேர் ஒரு குழுவாக எட்டு நாள் போயிருந்தோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். சியேனா நகரில் தங்கிக்கொண்டு சான் ஜிமின்யானோ, மோன்டால்சீனோ, மோன்டெபுல்சானோ என்று தினமும் ஒரு மலையூர், ஒரு ஒயின் தோட்டம். எங்களில் பாதிப் பேர் மதுவைத் தொடாதவர்கள். அவர்களுக்குத் திராட்சைச் சாறும், உப்பில்லாத ரொட்டியில் ஊற்றிய புது ஆலிவ் எண்ணெயும். (டஸ்கனி ரொட்டியில் உப்பே போடுவதில்லை. முதல் நாள் எல்லோரும் சமையல்காரர் மறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.) தோட்டங்களில் ஓக் பீப்பாயைப் பற்றி, மண்ணைப் பற்றி, வெப்பநிலையைப் பற்றி மணிக்கணக்கில் சொன்னார்கள். அந்தக் கல்வீடுகளில் யார் இருந்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அந்த ஒயினின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

முதலில் ஊர்கள் ஏன் மலைமேல் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்குகளில் அந்தக் காலத்தில் சதுப்பு நிலம். கொசு, காய்ச்சல். மலேரியா என்ற சொல்லே இத்தாலியச் சொல்தான், கெட்ட காற்று என்று பொருள். அதோடு ஓயாத சண்டை. ஃபுளோரன்ஸும் சியேனாவும் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டவை. உயரத்தில் மதில் கட்டிக்கொண்டால் காய்ச்சலுக்கும் தப்பலாம், படைக்கும் தப்பலாம். ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை சான் ஜிமின்யானோ வழியாகப் போனதால் அங்கே வியாபாரம் செழித்தது; பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் கட்டின. 72 இருந்தனவாம், இன்று நிற்பவை 14. 1348ல் கொள்ளைநோய் வந்தது. ஐந்தே ஆண்டில், 1353ல், அந்த ஊர் ஃபுளோரன்ஸுக்கு அடங்கிப்போனது. சியேனாவில் ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதி போயிற்று. உலகிலேயே பெரிய தேவாலயங்களில் ஒன்றாக்க வேண்டும் என்று அவர்கள் தொடங்கிய விரிவாக்கம் அப்படியே நின்றுவிட்டது. கூரையில்லாத அதன் ஒற்றைப் பெருஞ்சுவரை இன்றும் பார்க்கலாம்.

கொள்ளைநோய்க்குப் பிறகு நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. நகரத்து வியாபாரிகளும் மடங்களும் நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். ஆளைப் பிடித்து நிலத்திலேயே இருத்த ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த ஓர் ஏற்பாடு எங்கும் பரவியது. அதற்கு மெட்ஸாத்ரியா என்று பெயர். பாதி என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் வாசகர்களுக்கு வாரம் என்றால் போதும், விளங்கிவிடும். சரிபாதி வாரம்.

நிலம், வீடு முதலாளியுடையது. உழைப்பு குடியானவருடையது. அவர் ஒருவருடையது மட்டுமல்ல, குடும்பம் மொத்தத்தின் உழைப்பும். கோதுமை, ஒயின், எண்ணெய், கன்றுக்குட்டி எல்லாவற்றிலும் பாதி முதலாளிக்கு. ஒரு வீடும் அதைச் சுற்றிய நிலமும் சேர்ந்தது ஒரு பொதேரே. பல பொதேரேக்கள் சேர்ந்தது ஒரு பண்ணை. அதை மேய்க்க ஒரு காரியஸ்தர், ஃபத்தோரே. முதலாளி நகரத்தில் இருப்பார். குடியானவருக்குத் தெரிந்த அதிகாரம் இந்தக் காரியஸ்தர்தான்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, பாதிக்குப் பாதி. ஆனால் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். முதலாளி தொடர விரும்பாவிட்டால் ஒரு நோட்டீஸ், அவ்வளவே. தாத்தா காலத்திலிருந்து இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பம் நிலத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். கை குறைந்தால் வெளியேற்றம், வாய் கூடினால் முணுமுணுப்பு. அதனால் பிள்ளைகளின் கல்யாணத்துக்கே பல இடங்களில் முதலாளியின் சம்மதம் வேண்டியிருந்தது. வெளியே கூலிக்குப் போகவும் அனுமதி வேண்டும். பாதிக்கு மேலே இன்னும் சில: கிறிஸ்துமஸுக்குக் கொழுத்த சேவல், ஈஸ்டருக்கு முட்டை, பெரிய வீட்டுத் துணிகளை இந்த வீட்டுப் பெண்கள் வெளுத்துக் கொடுப்பது. விளைச்சல் பொய்த்த வருஷம் கடன் கணக்குப் புத்தகத்தில் ஏறும். கணக்கு எழுதுவது காரியஸ்தர். குடியானவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்குள் கப்போச்சா என்கிற குடும்பத் தலைவர், மஸ்ஸாயா என்கிற வீட்டு அம்மாள். தலைவர் வெளிவேலைக்கும் கணக்குக்கும், அம்மாள் கோழிக்கும் அடுப்புக்கும் மருமகள்களுக்கும். ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து பேர். கீழ்த்தளத்தில் வளைவு வாசலுக்குள் வெள்ளை எருதுகள், மேலே மனிதர்கள். மாட்டுச் சூடு பலகைத் தளம் வழியாக மேலே வரும். அதுவும் சமையல் அடுப்பும்தான் குளிர்காலத்துக்குக் கணப்பு. நீண்ட இரவுகளில் அக்கம்பக்கத்து வீட்டார் தொழுவத்திலோ அடுப்பைச் சுற்றியோ கூடிக் கூடை முடைந்துகொண்டும் நூல் நூற்றுக்கொண்டும் கதை பேசுவார்கள். சில கல்யாணங்களும் அங்கேதான் முடிவாகும்.

இன்றைக்கு நாம் பார்க்கும் மாதிரி திராட்சைக்கென்று தனித் தோட்டம் அப்போது அரிது. வயலுக்குள்ளேயே மேப்பிள் மரங்களை வரிசையாக நட்டு அவற்றின்மேல் கொடியை ஏற்றினார்கள். வரிசைகளுக்கு இடையே கோதுமை, பயறு. ஓரத்தில் ஆலிவ். மேப்பிள் இலை மாட்டுக்குத் தீனி. ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று காப்பாற்றும். விற்கத்தக்க ஒயின் சந்தைக்குப் போய்விடும். மிதித்துப் பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுத்த வெளிறிய பானம்தான் குடியானவர் மேசையில். அக்குவரெல்லோ என்பார்கள். டஸ்கனி ஒயினைப் பற்றிப் பாராட்டிப் பேசும்போதெல்லாம் இந்தச் சக்கைத் தண்ணீர் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

சியேனா நகர மண்டபத்தில் அம்புரோஜியோ லொரென்சேத்தி 1338, 1339ல் வரைந்த பெரிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சியில் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பது பொருள். மலைச்சரிவில் கொடிகள், கதிர் அறுப்பவர்கள், நகரத்தை நோக்கிப் பன்றி ஓட்டி வருகிறவர், வாசலிலிருந்து குதிரையில் உல்லாசமாக வெளியே போகும் கனவான்கள். அருமையான ஓவியம், ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். ஆனால் அது நகரத்தார் தங்கள் சபை மண்டபத்தில் தங்களுக்காக வரையச் சொன்னது. விளைந்தது எல்லாம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். வரைந்தவர் பத்தாண்டுக்குள் அந்தக் கொள்ளைநோயிலேயே இறந்ததாகக் கருதப்படுகிறது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்தவர்களும் உண்டு. டஸ்கனியில் நிலம் வாங்கி வாழ்ந்த சுவிஸ் பொருளியலறிஞர் சிஸ்மோந்தி 1801ல் நல்லபடியாகவே எழுதினார். ஃபுளோரன்ஸில் 1753ல் தொடங்கிய ஜியோர்கோஃபிலி என்ற வேளாண் கழகத்தில் நிலக்கிழார்கள் கூடி இதைப் பற்றி விவாதித்தார்கள். முதலாளிக்கும் குடியானவனுக்கும் சண்டை வராமல் காக்கும் ஏற்பாடு என்பது அவர்களில் பலருடைய கருத்து. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூலியாள் நிலத்தைப் பார்ப்பதற்கும் வாரக்காரர் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்தப் படிக்கட்டுச் சரிவுகள், கல்கட்டு வரப்புகள், வடிகால்கள் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் கை பட்டு வந்தவை. யுனெஸ்கோ 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஓர்சியா பள்ளத்தாக்கின் அழகில் பாதி இயற்கை என்றால் மீதி இவர்கள் முதுகு.

பெயர் பெற்ற ஒயின்களை உருவாக்கியவர்கள் என்று சொல்லப்படுபவர்கள் நிலக்கிழார்கள். இத்தாலியின் பிரதமராக இருமுறை இருந்த பெத்தினோ ரிக்காசோலி தன் புரோலியோ கோட்டையில் பல ஆண்டுகள் சோதித்து, கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை எதற்காகச் சேர வேண்டும் என்று 1872ல் ஒரு கடிதத்தில் எழுதினார். இரும்புப் பிரபு என்று பட்டப்பெயர், குடியானவர்களிடமும் அப்படித்தான். மோன்டால்சீனோவில் ஃபெருச்சோ பியோந்தி சாந்தி 1888 அறுவடையில் சாஞ்ஜியோவேசே திராட்சையை மட்டும் வைத்து, பல்லாண்டு தாங்கும் ஒயினைச் செய்தார். புருனெல்லோவின் தொடக்கம் அது. இவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. கொடியைக் கத்தரித்த கைகளுக்குத்தான் ஏட்டில் பெயர் இல்லை.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் குலுக்கியது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் சிறை முகாம்களிலிருந்து தப்பிய நேச நாட்டு வீரர்களுக்கு இந்தக் கல்வீடுகள்தான் அடைக்கலம் கொடுத்தன. ஜெர்மானியர் கண்டுபிடித்தால் உயிர் போகும். ஓர்சியா பள்ளத்தாக்கில் லா ஃபோச்சே பண்ணையின் எஜமானி ஐரிஸ் ஒரிகோ அந்த மாதங்களில் எழுதிய நாட்குறிப்பு 1947ல் புத்தகமாக வந்தது. முதலாளி வீட்டிலிருந்து எழுதியதுதான், ஆனாலும் குடியானவர்களின் துணிச்சலை அவர் மறைக்கவில்லை.

போர் முடிந்து வந்த பிள்ளைகள் பழையபடி சேவல் கொண்டுபோய்க் கொடுக்கத் தயாராக இல்லை. சங்கம், வேலைநிறுத்தம், செங்கொடி. 1947 உடன்பாட்டில் குடியானவர் பங்கு 53 சதவீதமாயிற்று. 600 ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கில் மூன்று சதவீதம் நகர்ந்தது! ஆனால் அதற்குள் இளைஞர்களின் மனம் நிலத்தைவிட்டுப் போய்விட்டது. பொன்தெதேராவில் வெஸ்பா ஸ்கூட்டர் தொழிற்சாலை, பிராத்தோவில் துணி ஆலைகள், போஜிபோன்சியில் மரச்சாமான் பட்டறைகள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை, வீட்டில் குழாய்த் தண்ணீர். வாரக்காரர் வீட்டு மருமகளாகப் போக மாட்டேன் என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். என் பார்வையில் சட்டத்துக்கு முன்பே மெட்ஸாத்ரியாவை முடித்துவைத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் மோன்டால்சீனோவின் மக்கள்தொகை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கூரை இடிந்து, அத்திமரம் ஜன்னல் வழியாக முளைத்து, வீடுகள் அப்படியே நின்றன.

1964 செப்டம்பரில் புதிய வார ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை விதித்தது. பழையவை 1982 சட்டத்தால் குத்தகையாக மாறின.

ஆள் போன பிறகுதான் டிராக்டர் வந்தது. மேப்பிள் மரங்களுக்கு நடுவே டிராக்டர் ஓட்ட முடியாது, அவற்றை வெட்டினார்கள். ஐரோப்பியப் பொதுச் சந்தையின் நிதியுதவியோடு கம்பி கட்டி நேர்வரிசையில் கொடி நட்டார்கள். நாம் புராதனம் என்று போட்டோ எடுக்கும் அந்த வரிசைகளுக்கு வயது அறுபதுக்குள்தான். 1966ல் சான் ஜிமின்யானோவின் வெள்ளை ஒயின் வெர்னாச்சாவுக்கும் புருனெல்லோவுக்கும் அரசின் பெயர்க்காப்பு கிடைத்தது. 1980ல் புருனெல்லோவுக்கு அதைவிட உயர்ந்த தகுதி. இன்று 2,000 ஹெக்டேருக்கு மேல் அந்தப் பெயரில் விளைகிறது. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரிதான் அதை விற்கலாம் என்பது விதி. நாங்கள் போன மாதம் 2019 அறுவடை வெளிவந்திருந்தது.

எல்லோரும் போய்விடவில்லை. நிலம் அடிமாட்டு விலைக்குப் போன அந்த ஆண்டுகளில் கடன் வாங்கி, தாங்கள் வாரத்துக்கு உழுத நிலத்தையே விலைக்கு வாங்கிய குடும்பங்களும் உண்டு. மோன்டால்சீனோவில் இன்று பேர் சொல்லும் சில புட்டிகளில் இருப்பது அப்படிப்பட்ட வாரக்காரர் பெயர்கள்தான்.

மற்ற வீடுகளை வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வாங்கினார்கள். பண்ணைவீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க 1985ல் சட்டம் வந்தது. எங்களுக்கும் இரண்டு இரவு அப்படி ஒரு வீட்டில்தான் இடம். கீழ்த்தளத்தில், வளைவு வாசலுக்குக் கண்ணாடி போட்ட அறை. சுவரில் இரும்பு வளையம் ஒன்று துருவைத் தேய்த்து அழகுக்காக விட்டுவைத்திருந்தார்கள். எருது கட்டிய வளையம். மூட்டுவலிக்காரர்களுக்குப் படியேற வேண்டாம் என்று எங்களுக்குத் தொழுவத்தை ஒதுக்கியிருந்தார்கள். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடியதால் எருது இருந்தபோது இருந்ததைவிடச் சூடாகவே இருந்திருக்கும்.

காலையில் ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் கொடி கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அதுதான் வேலை. அந்த வெட்டைப் பொறுத்தே அந்த வருஷக் காய்ப்பு. வெட்டிய குச்சிகளைத் தள்ளுவண்டியில் போட்டு எரித்து, அதிலேயே கையைக் காய்ச்சிக்கொண்டு வரிசை வரிசையாக நகர்ந்தார்கள். அல்பேனியாவிலிருந்து வந்தவர்கள் என்றார் கைடு. பாதி வாரமெல்லாம் இல்லை, மணிக்கணக்குக் கூலி. மாலை நாலரைக்கு ஒப்பந்தக்காரரின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. தோட்டத்தில் அவர்கள் யாரும் தங்குவதில்லை.