கதை வேணும், சொன்னவன் வேணாம்

கேளிக்கைப் பூங்காவுக்கு அரசியல் கிடையாது என்பார்கள். குழந்தைகள் சிரிக்கிற இடத்தில் என்னய்யா அரசியல்? அங்கேதான் இருக்கிறது என்கிறேன் நான். எதைக் காட்டிச் சிரிக்க வைப்பது, யாரை மறைத்துச் சிரிக்க வைப்பது என்று ஒருவன் தீர்மானிக்கிறானே, அது அரசியல்தான்.

அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1989இல் ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்ற தண்ணீர்ச் சவாரி தொடங்கியது. முயல், நரி, கரடி பொம்மைகள் பாடும். கடைசியில் படகு தொபுக்கென்று கீழே விழும். அது யாருடைய முயல்? அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகளின் முயல். எளியவன் புத்தியால் வலியவனை வெல்லும் கதைகள் அவை. ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர் அவற்றைக் கேட்டு எழுதி 1880இல் புத்தகமாக்கினார். சொன்னவர்களின் பெயர் போயிற்று. ‘அங்கிள் ரீமஸ்’ என்ற கற்பனைக் கிழவர் மிஞ்சினார்.

1946இல் டிஸ்னி அதை ‘சாங் ஆஃப் த சவுத்’ என்று படமாக்கியது. பண்ணை வீட்டு வெள்ளைப் பிள்ளைக்குக் கறுப்புக் கிழவர் கதை சொல்வார். பண்ணையாட்கள் பாடித் திரிவார்கள். பண்ணையாள் சந்தோஷமா இருந்தான்னு சொல்ற கதை நமக்குப் புதுசா என்ன? ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட்டால் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கே போக முடியவில்லை. இனப்பிரிவினை ஊர் அது. தேசிய நீக்ரோ காங்கிரஸ் தியேட்டர் வாசலில் மறியல் செய்தது. அதே ஆண்டு அந்த அமைப்பு ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டுத்தான் அம்பேத்கர், டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஆக, இது நமக்கு அந்நியமான சண்டை அல்ல.

நாற்பது வருஷம் கழித்துச் சவாரி கட்டும்போது டிஸ்னி என்ன செய்தது? கிழவரைத் தூக்கிவிட்டது. தார்ப் பொம்மைக்குப் பதில் தேன்கூடு வைத்தது. முயலையும் பாட்டையும் வைத்துக்கொண்டது. கறுப்பு முகம் உறுத்தியது. கறுப்புக் கற்பனை காசு கொடுத்தது.

1993இல் வர்ஜீனியாவில் வரலாற்றுப் பூங்கா கட்டப்போவதாகவும், அடிமை வாழ்வையும் அதில் காட்டப்போவதாகவும் டிஸ்னி அறிவித்தது. வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். 1994 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே, அதே மாநிலத்தில், கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகம் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியது. எங்கள் ரணத்தை வேடிக்கையாக்காதே என்று கறுப்பின அமைப்பினர் கொதித்தார்கள். நியாயமான கோபம். ஆனால் அதை நடத்தியவரே கிறிஸ்டி கோல்மன் என்ற கறுப்பினப் பெண். ஏலம் போகிறவராகத் தானே நின்றார். எதிர்க்க வந்தவர்களில் ஒருவர் பார்த்துவிட்டு மனம் மாறினார். காட்டலாமா கூடாதா என்பது பாதிக் கேள்விதான். யார் காட்டுகிறார் என்பது மீதி.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு அமெரிக்கத் தெருக்கள் கொதித்த ஜூன் மாதத்தில், சவாரியை மாற்றுவதாக டிஸ்னி அறிவித்தது. 2023இல் ஸ்பிளாஷ் மவுண்டன் மூடப்பட்டது. 2024இல் அதே இடத்தில் தியானா வந்தாள். 2009இல் வந்த படத்தின் நாயகி, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. கறுப்புக் குழந்தை தன் முகத்தை அங்கே பார்க்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் 1920களின் நியூ ஆர்லியன்ஸ் அவள் ஊர். டிராம் வண்டியில்கூடக் கறுப்பருக்குத் தனி இடம் ஒதுக்கிய ஊர். சவாரியிலோ திருவிழாக் கொண்டாட்டம்தான்.

அன்று ஆளை மறைத்துக் கதையை எடுத்தார்கள். இன்று ஆளைக் காட்டி வரலாற்றை மறைக்கிறார்கள். நம் பாட்டையும் பறையையும் மேடையேற்றிக் கைதட்டுகிறவர்களிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: அடிச்சவன் எங்கே நின்னான்னு சொல்றீங்களா?