விற்றவர்களும் அனுப்பியவரும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். இன்று அது நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பேர்போன மீனவர் ஊர். ஆற்றோடு உள்ளே போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம் இந்த வட்டாரமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பருவக்காற்றைப் பிடித்து வந்த வணிகர்களும், 1025ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படையும் ஏதோ ஓர் ஆதாயத்தைக் கணக்கிட்டே வந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்களின் கதை வேறு; அவர்களுக்கான கணக்கைப் பிறர் போட்டார்கள். 1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தம், சுல்தானின் சம்மதத்தைக் கேட்காமலே கெடாவை சயாமின் பிடியிலிருந்து பிரிட்டனின் பிடிக்கு மாற்றியது. மலாயாவில் சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் ஆள் கட்டும் வேலை பெரும்பாலும் கங்காணிகள் கைக்குப் போனது. தலைக்கு இவ்வளவு என்று பேசி, சொந்த ஊரிலிருந்தே ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, பினாங்கில் இறக்கி, சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத்து லயங்களில் கொண்டுவந்து விட்டார்கள்.

இதையெல்லாம் தேவ சித்தம் என்று சொல்லலாமா? தோட்டத் தமிழரில் சிறுபான்மையான கிறிஸ்தவர்களின் வேதாகமத்தில் இதற்கு மிக நெருக்கமான கதை ஒன்று உண்டு. இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பு, பஞ்சத்தில் தானியம் தேடி வந்த சகோதரர்களிடம், தன்னை அங்கே அனுப்பியவர் தேவனே என்கிறான். இதைச் சொல்வது யார் என்று கவனிக்க வேண்டும். விற்ற சகோதரர்கள் சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கிப்போன வியாபாரிகளும் சொல்லவில்லை. விற்கப்பட்டவன் சொல்கிறான், அதுவும் அடிமைத்தனமும் சிறையும் கடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. அவர்கள் செய்தது தீமை என்பதையும் அவன் மறைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கிகள் பலர் தங்கள் பேரரசையே தேவனின் ஏற்பாடு என்று புகழ்ந்தபோது, யோசேப்பின் வாக்கியத்தை வியாபாரியின் வாயில் வைத்தார்கள். அவர்கள் ஏசாயாவின் பத்தாம் அதிகாரத்தையும் ஒருமுறை புரட்டியிருக்கலாம். அசீரியா தேவன் கையிலுள்ள கோல்தான். ஆனால் அந்தக் கோலின் நோக்கம் கொள்ளை, ஆகவே அதற்கும் தண்டனை உண்டு என்கிறது அது. கருவியாகப் பயன்பட்டதால் யாருடைய குற்றமும் கழிந்துவிடுவதில்லை.

எல்லாம் முன்பே தீர்மானமானால் கருவியைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று கேட்கலாம். பவுலே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இந்தக் கேள்வியை எழுப்பி, குயவனிடம் களிமண் கேள்வி கேட்குமா என்று முடிக்கிறார். எனக்கு அது பதிலாகப் படவில்லை; வாயை அடைக்கிற பேச்சாகவே படுகிறது. அவரது கப்பல் பயணத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. புயலில் சிக்கிய கப்பலில் இருந்த 276 பேரும் பிழைப்பார்கள் என்ற வாக்கு பவுலுக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கி நழுவப் பார்த்தபோது, அவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று படைவீரர்களை எச்சரிக்கிறார். வாக்கு உறுதியாக இருந்தும், மாலுமிகளின் முடிவு அங்கே கணக்கில் வருகிறது.

தோட்டத்தில் பெரும்பான்மையோர் மாரியம்மனைக் கும்பிட்டவர்கள், அவர்களிடம் இருந்தது தலையெழுத்து என்ற சொல், வேதாகமத்துக்கு இங்கே என்ன வேலை என்ற மறுப்பும் நியாயமானதே. ஆனால் இரு தரப்புக்கும் ஒரே ஆபத்து இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942-43இல் ஜப்பானியர் பல்லாயிரம் தமிழரை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பெருந்தொகையானோர் திரும்பவில்லை. இவற்றை விதி என்றோ சித்தம் என்றோ மட்டும் எழுதி வைத்தால், உத்தரவில் கையெழுத்திட்டவர்களின் பெயர் வரலாற்றிலிருந்து நழுவிவிடும். தேவனிடம் முறையிட்ட யோபுவும், அம்மனோடு சண்டை பிடிக்கிற பக்தரும் அப்படி விதியென்று விட்டுவிட்டவர்களல்ல.

போருக்குப் பிறகு, 1946-47இல், பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில் உருவான தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. மறியல் போலீசோடு மோதலில் போய் முடிந்தது. கொடுத்த கூலியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு யாருடைய முடிவு என்பதில் அந்தப் படைக்குக் குழப்பம் இருக்கவில்லை.