ஈரி ஏரி: சாட்டிலைட் பார்த்ததும் பார்க்காததும்

ஆகஸ்ட் 2, 2014. சனிக்கிழமை, இன்னும் விடியலை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் இருக்கிற டொலீடோ நகரத்தில் ஒரு அறிவிப்பு வருது: குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க. காய்ச்சியும் குடிக்காதீங்க.

நம்ம வீட்டில தண்ணி சரியில்லைன்னா அம்மா முதல்ல சொல்றது, "கொதிக்க வச்சுக் குடி." இங்கே அது உதவாது. மைக்ரோசிஸ்டின் என்கிற இந்த நச்சு கொதியில் அழியாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் நச்சின் செறிவுதான் கூடும். பாதிப்பு கல்லீரலுக்கு. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிநீர் இல்லை, கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி. இத்தனைக்கும் அந்த ஊர் இருப்பது ஈரி என்ற பிரம்மாண்டமான நன்னீர் ஏரியின் கரையில்!

நச்சை உண்டாக்கியது சயனோபாக்டீரியா, அதாவது ஸ்கூல்ல படிச்ச நீலப்பச்சைப் பாசி. வயல்களில் போடுகிற உரத்தின் பாஸ்பரஸ், மாமீ நதி வழியாக (ஆமாங்க, பேரே அதுதான்) ஏரியின் மேற்குப் பகுதிக்கு வருது. அங்கே ஆழம் குறைவு, கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். பாசிக்கு விருந்து.

சரி, இதை வானத்திலிருந்து யாரும் கவனிக்கலையா? கவனிச்சாங்க. பல வருஷமா.

2002-ல் ஐரோப்பா ஏவிய என்விசாட் சாட்டிலைட்டில் மெரிஸ் என்று ஒரு கருவி இருந்தது. ஒரு பிக்ஸல் 300 மீட்டர். பச்சையா இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்கிற கேமரா இல்லை அது. ஒளியை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும். சாதாரணப் பாசியின் பச்சையம் 681 நானோமீட்டர் பக்கத்தில் லேசாக மினுங்கும். சயனோபாக்டீரியாவில் அந்த மினுக்கம் ரொம்பக் கம்மி. அந்த அலைநீளத்தையும் அதன் இரு பக்கத்து அலைநீளங்களையும் ஒப்பிட்டால், நடுவில் மேடா பள்ளமா என்று தெரியும். பள்ளம்னா சந்தேகப்படணும். கழித்தல் கணக்குதான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச அல்காரிதம் இது.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவில் ரிச்சர்ட் ஸ்டம்ப்ஃப் குழு 2002 முதல் 2011 வரையிலான மெரிஸ் படங்களை மாமீ நதியின் வசந்தகால நீர்வரத்தோடு பொருத்திப் பார்த்தது. நதி அதிகம் கொண்டுவந்தால் கோடையில் பாசியும் அதிகம். பத்தே வருஷ டேட்டா! ஆபீஸ்ல இதை வச்சு மாடல் போட்டேன்னா சிரிப்பாங்க. ஆனா ஏரி ஒத்துழைத்தது. 2012 முதல் ஒவ்வொரு கோடைக்கும் முன்கணிப்பு வெளியாச்சு.

அதே 2012, ஏப்ரல் 8. என்விசாட் திடீரென்று பேச்சை நிறுத்தியது. ஐந்து வருஷத்துக்காகச் செய்தது பத்து வருஷம் ஓடியிருக்கு, குறை சொல்ல முடியாது. ஆனா அதே திறனுள்ள கருவியோடு சென்டினல் 3 மேலே போனது 2016-ல்தான். இடையில் நாசாவின் மோடிஸ் கருவியை வைத்துச் சமாளிச்சாங்க. அதில் இதற்கான பிக்ஸல் ஒரு கிலோமீட்டர்.

டொலீடோ சம்பவம் விழுந்தது சரியாக இந்த இடைவெளியில். உடனே "பார்த்தீங்களா, சென்சார் இல்லாததுதான் காரணம்"னு முடிக்கத் தோணும். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா மேற்கு ஈரியில் பாசி இருப்பது தெரியும், முன்கணிப்பு அறிக்கைகளும் வந்துகொண்டிருந்தன. 2014-ன் பாசி 2011 அளவுக்குப் பெரியதுகூட இல்லை. காற்று அதை நகரம் தண்ணீர் எடுக்கிற இடத்துப் பக்கம் தள்ளியது, அவ்வளவுதான்.

சாட்டிலைட் பார்ப்பது நிறமியை. நச்சுக்கு நிறம் கிடையாது. மேகம் வந்தால் நிறமும் தெரியாது. காற்றடித்துப் பாசி கீழே கலந்துவிட்டால், மேற்பரப்பு சுத்தமாகத் தெரியும். ஆனா தண்ணீர் எடுக்கிற குழாய் இருப்பது கீழே. அதனால்தான் படத்தோடு காற்று, நீரோட்ட மாடலும் வேணும், படகில் போய் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வரவும் ஆள் வேணும். முன்னெச்சரிக்கை வேறு கிடைத்திருந்தது: 2013 செப்டம்பரில், அதே கரையில் சுமார் 2,000 பேருக்குத் தண்ணீர் தருகிற காரல் டவுன்ஷிப்பில் இதே நச்சால் விநியோகம் நின்றது. சின்ன ஊர். பெரிய செய்தியாகலை.

டொலீடோவில் தடை ஆகஸ்ட் 4-ம் தேதி நீங்கியது. மேயர் கேமரா முன்னால் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீர் குடித்துக் காட்டினார்.

அடுத்த வருஷம், 2015-ல் வந்த பாசி, அதுவரைக்கும் பதிவானதிலேயே பெரியது. அதில் பெரும்பகுதி கரையை விட்டு ஏரியின் நடுப்பக்கம் நகர்ந்துவிட்டது. டொலீடோவில் குழாயை யாரும் மூடலை.